சகோதரி மாதேஸ்வரன்

அம்மாபேட்டை, சேலம்.
திங்கட்கிழமை மதியம்.

மரியாதைக்குரிய அப்பா மாதேஸ்வரன் அவர்களுக்கு, மகள் கயல்விழி வணங்கி எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்களும் அம்மாவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் வேண்டுகிறாய் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். சுகம் வந்து சேர்ந்தால் போதாதா?

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அம்மா பேசும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து டிவி சத்தத்தைக் குறைக்கிறீர்கள். அது எனக்குக் கேட்காது என்று நினைப்பு! அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் யார் எழுதியது என்று பார்த்துவிட்டுத்தானே கிழிக்க வேண்டும்? கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் அப்பா. நம் லாரி நெற்றியில் இருந்த என் பெயரை அழித்துவிட்டீர்களா?

கோபப்படாமல் மேலே படியுங்கள்.

பெங்களூர், ஹைதராபாத் என்று சுற்றவிட்டு, ஊழியத்தின் கடைசி சில மாதங்களுக்குச் சபையில் என்னைச் சேலத்துக்கே மாற்றிவிட்டார்கள். ராசிபுரம் பஸ் மூக்குக்கு முன்னால் போகிறது. அதில் ஏறினால் நாமகிரிப்பேட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் ஊழியம் முடியும்வரை வீட்டுக்குப் போகக்கூடாது என்பது சபை விதி. நான் சொன்னபோது ஒன்றைக் கேட்டாளா, இப்போது ஊரார் விதியெல்லாம் கேட்கிறாள் பார் என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது.

போன வாரம் மூச்சுவிடக்கூட நேரமில்லை. நானும் என் கூட்டாளி சகோதரி கொல்லப்பள்ளியும் (ராஜமுந்திரிப் பெண், கோங்குரா, நம் புளிச்சக்கீரை, இல்லாமல் சோறு இறங்காது) எங்கே போனாலும் சேர்ந்துதான் போக வேண்டும். ஒருத்தியை விட்டு ஒருத்தி கடைக்குக்கூடப் போகக்கூடாது. எங்களைக் கூப்பிடாத வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. கூப்பிட்ட வீட்டிலோ உட்கார்ந்த உடனே டீ வந்துவிடுகிறது. எங்கள் சபையில் டீயும் காபியும் கிடையாது. அதைச் சொன்னதும் வீட்டுக்காரர்கள் முகம் சுண்டிப்போகிறது. கீழ் வீட்டுப் பெருமாயி அக்கா, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “ஏஞ்சாமி, நாங்க குடுத்தா குடிக்க மாட்டீங்களா? எங்கூட்டு டீ ஆவாதுங்களா?” என்று கேட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் சுக்குமல்லித் தண்ணி போட்டுக் கொடுத்து அவரே சமாதானம் ஆனார். டீ குடிக்காத மதம் என்ன மதம், எந்த டிரைவர் வீட்டில் இது நடக்கும் என்று நான் சபையில் சேர்ந்த அன்றைக்கு நீங்கள் குதித்தது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

செவ்வாயன்று நாங்கள் நடத்தும் ஆங்கில வகுப்பு. புதனன்று காய்ச்சலில் கிடந்த சபைப் பாட்டிக்கு மருந்துச் சீட்டு வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் பாதி நாள். சனிக்கிழமை தண்ணி வண்டி வராமல் குடம் குடமாகச் சபைக் கூடத்துக்கு மாடியேற்றினோம். எதற்கு அவ்வளவு தண்ணீர் என்று கேட்காதீர்கள், கேட்டால் நமக்குள் மறுபடி அந்த ஞானஸ்நானச் சண்டை வரும்.

பெயர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஊழியம் செய்கிறவர்களைச் சபையில் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, குடும்பப் பெயர்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? விண்ணப்பம் போட்டபோது அந்த இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். அவ்வளவுதான், மேல்சட்டையில் குத்திக்கொள்ள வந்த கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் இருந்தது: சகோதரி மாதேஸ்வரன்.

முதல் நாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்த பெருமாயி அக்கா, “பொட்டப்புள்ளைக்கு ஆம்பளப் பேரா? வேண்டுதலுங்களா சாமி?” என்றார். பக்கத்து வீட்டுக்காரம்மா அதற்கும் மேலே போய், “அது அவ ஊட்டுக்காரரு பேரா இருக்கும். இந்தக் காலத்துப் புள்ளைங்க நெஞ்சுலயே குத்திக்குதுங்க” என்றார். ஆங்கில வகுப்புக்கு வரும் கந்தவேல் அண்ணன், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், எழுந்து நின்று பயபக்தியாக “குட் ஈவினிங் மாதேஸ்வரன் சார்” என்கிறார். மிஸ் என்றால் பெயருக்கு ஒத்துவரவில்லையாம். இதையெல்லாம் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு உங்களுக்கும் கேட்டிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத பெயராயிற்றே! “அந்தப் பேரச் சொல்லியா ஊரே உன்னயக் கூப்புடுது” என்று மாய்ந்து மாய்ந்து கேட்டார்.

எனக்கு ஆச்சரியமில்லை அப்பா. இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். வண்டிப் பெயரைச் சொல்லித்தானே டிரைவரைக் கூப்பிடுவார்கள்? லீவில் நீங்கள் என்னை நாசிக்குக்குக் கூட்டிப்போன வருஷம், நாமக்கல் லாரி ஆபீஸில் மேனேஜர் வெள்ளியங்கிரி, “ஏனுங்க கயல்விழி, உங்குளுக்கு லோடு ரெடிங்க” என்று சத்தம் போட்டார். நான் எழுந்தேன், நீங்களும் எழுந்தீர்கள். ஆபீஸே சிரித்தது. மீசை வைத்த கயல்விழி என்று அன்று முழுக்க உங்களைக் கேலி செய்துகொண்டே வந்தேன். நீங்கள் கோபிக்கவே இல்லை. சோலாப்பூர் தாண்டி ஒரு சோளக்காட்டு ஓரம் வண்டியை நிறுத்தி, ஸ்டவ் பற்றவைத்து, எனக்குத் தக்காளிச் சோறு ஆக்கிப் போட்டீர்கள். அந்த ருசி இந்த நாக்கில் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெயரை வண்டியில் எழுதின அன்றும் நான் லாரிப் பட்டறையில் இருந்தேன். பெயின்டர் இடம் பற்றாது, ‘கயல்’ போதும் என்றார். “எம்புள்ள பேரு முழுசா வேணுமுங்க, எழுத்து சின்னதானாலும் பரவால்ல” என்று நீங்கள் ஒற்றைக் காலில் நின்றீர்கள். ழியின் மேல்சுழி பலகை விளிம்புக்கு வெளியே போய்விட்டது. அதையும் அழகு என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை கொண்டலாம்பட்டி பைபாஸில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். சிக்னலில் நம் வண்டி வந்து நின்றது. பம்பர் நெளிவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். புது மஞ்சள் பெயின்ட். ஆர்.டி.ஓ. ஆபீஸ் எஃப்.சி. சோதனைக்கு அடித்திருப்பீர்கள். கண்ணாடிக்கு மேலே பார்த்தேன், வெறும் மஞ்சள். ஒரு எழுத்துக்கூட இல்லை.

நீங்கள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லையா, பார்த்தும் அப்படி இருந்தீர்களா, தெரியாது. வீட்டுக்குத்தானே போகக்கூடாது, ரோட்டில் அப்பா என்று கூப்பிடவுமா கூடாது என்று கொல்லப்பள்ளி என்னைப் பிடித்துத் தள்ளினாள். ரோட்டில் ஓரடி இறங்கினேன். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பஸ் வந்து நின்றது, நாங்கள் ஏறவில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

பெயரைக் கடைசியில்தான் எழுதுவார்கள், பெயின்டர் இன்னும் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எழுதாமல் ஒரு வண்டி ரோட்டுக்கு வருமா என்றும் கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் கேட்டால், “அத உங்கப்பங்கிட்டயே கேளு சாமி” என்று போனை வைத்துவிட்டார். அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்.

நான் ஞானஸ்நானம் எடுத்தது உங்களை அறுத்துக்கொள்ள அல்ல. அதை எப்படிச் சொன்னாலும் உங்களுக்கு ஏறாது, எனக்கும் மாற்றிச் சொல்ல வராது. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், யாரைக் குறை சொல்வது?

திரும்ப எழுதச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன். வண்டி உங்களுடையது. அம்மா பெயரோ, குலசாமி பெயரோ, எது வேண்டுமானாலும் எழுதுங்கள். தூக்கம் வந்தால் ஓரம் கட்டிப் படுங்கள். சுகரை ஒரு தடவை பாருங்கள். நீங்கள் போகிற ரோடெல்லாம் நல்ல ரோடாக இருக்கட்டும்.

இங்கே நாள் முழுக்க உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்க்கிறேன். லாரி ஆபீஸில் பழைய பழக்கத்தில் யாராவது கயல்விழி என்று கூப்பிட்டுவிட்டால், நீங்களும் திரும்பிப் பாருங்கள் அப்பா.

உங்கள் பாதம் பணியும்,
மாதேஸ்வரன் மகள்,
கயல்விழி.