மோட்டார் கொட்டகைப் பூட்டு

என் வாயை இருபது வருஷம் தாங்கிய அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் மோட்டார் கொட்டகைப் பூட்டை ஒன்றரை வருஷமாகச் சைக்கிள் கம்பி விட்டுத் திறந்துகொண்டிருந்தது நான்தான். உன் வீட்டுக்காரர், பெரிய மாமாதான், பூட்ட மறந்துவிடுகிறார் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அவரும் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் நின்று, "வயசானா அப்டித்தான் மாமா, வெண்டக்கா சாப்புடுங்க" என்று வேறு சொன்னேன்.

திருடி என்று நினைக்காதே. என் தண்ணீர் முறை நாளில் மட்டும்தான் திறந்தேன்.

ஒரே வீட்டுக்கு வாழ வந்த ஓரகத்திகள் நாம். பாகம் பிரித்தபோது போர்க் கிணறு உன் பக்கம் விழுந்தது. தண்ணீர் ஒரு நாள் உன் கரும்புக்கு, மறுநாள் என் நெல்லுக்கு என்று ஏற்பாடு. அப்போது கொட்டகைக்குப் பூட்டே கிடையாது. பூட்டு வந்தது என் வாயால்தான்.

உன் மகள் மஞ்சள் நீராட்டுக்கு உன் அண்ணன் சீர் கொண்டுவந்தார். பந்தல் நிறைய ஜனம். நான் சும்மா இருந்திருக்கலாம். "இன்னாக்கா, தட்டு மட்டும் பெருசா கீது, உள்ள ஒரே ஒரு ஆப்பிள் ஓடிப்புடிச்சி வெளையாடுது!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உன் அண்ணன் தலையைத் தொங்கப்போட்டார். அந்த வருஷம் அவர் நெல் முழுக்க வெள்ளத்தில் போனது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேனா, வாய் தானாகச் சொன்னதா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அந்த வாரமே புதுப் பூட்டு தொங்கியது. 'ஏழு லீவர்' என்று அதன் நெற்றியிலேயே அடித்திருந்தது. சாவி உன் வீட்டு வாசற்படி ஆணியில். "மொறைக்கு வந்து கேட்டு வாங்கிக்கினு போவட்டும்" என்று மாமாவிடம் சொல்லியனுப்பினாய். அவ்வளவுதான் கேட்டாய். ஒரு நாள் வந்து, "சாவி குடுக்கா" என்றிருந்தால், அதன் பின்னாலேயே "மன்னிச்சிக்கோக்கா" என்பதும் வந்திருக்கும். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

அதற்குப் பதிலாக, பாகூர் கடையில் உன் பூட்டுக்குச் சோடியாக ஒன்று வாங்கிவந்தேன். துவைக்கிற கல்லில் வைத்து, அரத்தால் ரிவிட்டை ராவி, இரண்டாகப் பிளந்தேன். உள்ளே பித்தளைத் தகடு ஏழு, வெற்றிலை அடுக்கின மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதன் உயரத்துக்குத் தூக்கிவிட வேண்டும். ஏழும் ஒரே நேரத்தில் சம்மதித்தால்தான் கொக்கி விடும். கல்யாணப் பேச்சு மாதிரிதான். ஒரு சித்தப்பா முறைத்துக்கொண்டாலும் காரியம் நடக்காது.

ஐந்தாவதோடு நின்றவள் இதைப் பார்த்துப் புரிந்துகொண்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் உன் பூட்டு மசியவில்லை. கம்பி வழுக்கி விரல் கிழிந்தது. நெல் காய்ந்தது. ஆறு முறை நாள் அப்படிப் போயிற்று. ஏழாவது முறை கம்பியை விட்டதும் வெண்ணெய் மாதிரித் திறந்துகொண்டது. கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.

நூறு நாள் வேலையில் ஒருத்தி பெட்டிச் சாவி தொலைந்துவிட்டதென்று புலம்பினாளே, நினைவிருக்கிறதா? "எட்டு லீவரா இருந்தாலும் எடுத்தாடி, நம்ம கைக்கு நிக்காது" என்றேன். நீ நாலு ஆள் தள்ளி மண் வெட்டிக்கொண்டிருந்தாய். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாய். உறைத்துவிட்டது இவளுக்கு என்று நினைத்தேன். அந்தப் பெட்டிப் பூட்டை என்னால் திறக்க முடியவில்லை, அக்கா. துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன்.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வந்தபோது, நான் உன் பூட்டுக்குள் கம்பியை விட்டுக்கொண்டிருந்தேன். ஓடிவந்து உன் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "பேச்சுவார்த்த இல்லாதவளுக்கு இன்னா இவ்ளோ அழுக?" என்று ஒருத்தி கேட்டாள். என்மேல் கோபத்தோடேயே போய்விட்டாயா என்பது ஒன்றுதான் என்னை அறுத்துக்கொண்டிருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரிய மாமா பூட்டையும் சாவியையும் என் கையில் வைத்தார். "இனிமே நீயே வச்சிக்கோம்மா." திருப்பிப் பார்த்தேன். ரிவிட் இருக்கவேண்டிய இடத்தில் ஆணியை வெட்டிக் கோணலாக அடித்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன்.

உள்ளே ஒரே ஒரு தகடு.

"மாமா, மீதி ஆறு எங்க?"

"அவ தையல் டப்பாவுல கீது."

"யாரு எடுத்தது?"

"வேற யாரு? கதவுல ரத்தம் ஒட்டியிருந்தத பாத்துட்டு வந்தா. 'கைய கிழிச்சிக்கினு நிக்கறா லூசு'ன்னு திட்டிக்கினே ரெண்டு நாளு ஒக்காந்து பிரிச்சா. சாவிய குடுத்துத் தொலையேன்டின்னேன். 'குடுத்தா வாங்குவாளா? மூஞ்சில வுட்டெறிவா. தானே தொறந்துட்டதா நெனச்சிக்கினு கொஞ்சம் திமிரா போவட்டும்'னா."

"அப்ப நீங்க தலய சொறிஞ்சிக்கினு நின்னது?"

"அவதாம்மா அப்டி நிக்கச் சொன்னா."

சிரித்தேன் அக்கா. அப்புறம் அந்தச் சிரிப்பு அழுகையாகி, நிற்கவே மாட்டேனென்றது. நான் பூட்டைப் பிளந்தது உள்ளே நுழைய. நீ பிளந்தது என்னை உள்ளே விட. அன்றைக்கு மண் வெட்டும்போது தலையைக் குனிந்தாயே, சிரித்தாயா? சிரித்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு செய்தவள் ஒரு தடவை "ஏ சின்னவளே" என்று கூப்பிட்டிருக்கக் கூடாதா? நான்தான் உன் வாசலுக்கு நாலு எட்டு வைத்திருக்கக் கூடாதா?

உன் கரும்பு தோள் உயரம் வந்துவிட்டது. உன் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கையாட்டுகிறாள். அப்படியே நீ. அவளைக் கிண்டல் செய்ய வாயைத் திறக்கிறேன், "சாப்ட்டியாடி" என்றுதான் வருகிறது.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வீட்டுக்குத் தட்டு நிறையப் பழத்தோடு போகிறேன். உன்னிடம் சொல்லாத வார்த்தையை அவரிடம் சொல்வேன். அவர் கதவைச் சாத்தினாலும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். கம்பி எடுத்துப் போகமாட்டேன். என் முறை நாளில் முதல் தண்ணீர் உன் கரும்புக்குத்தான். அந்த ஆறு தகட்டையும் பூட்டில் திரும்பப் போடவே மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறக்காத தங்கை, உன் ஓரகத்தி,
சின்னவள்

எழுத விட்டுப்போனது: பிரித்த பூட்டை நானே சேர்த்து, ஆணி அடித்து, இன்று காலை மோட்டார் போட்டதும் கதவில் மாட்டி அழுத்தினேன். அந்த ஒரு தகட்டைத் தலைகீழாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது. சாவிக்கும் திறக்கவில்லை, கம்பிக்கும் திறக்கவில்லை. கடப்பாரைக்கு ஆள் போயிருக்கிறது. தண்ணீர் உன் கரும்புக்குத்தான் பாய்கிறது. பெரிய மாமா உள்ளே இருக்கிறார்.