கடைசி அத்தியாயத்தை மாற்றி வாசித்தேன்

அன்புள்ள மகளுக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை உன் பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

நீ தமிழாக்கிய மலையாள நாவலை வாசித்தேன். அதை எழுதிய கோட்டயத்துக்காரரைவிட நான் நல்ல நாவலாசிரியன் என்று நினைத்திருந்தேன். என் நாவல்களில் ஒரு தாய்கூட இதில் வரும் தாயைப் போல உயிரோடு பேசியதில்லை. அவளை நம் திண்டுக்கல் வீட்டுப் பேச்சிலேயே பேச வைத்திருக்கிறாய்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் உன் அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் பேசவில்லை. "செத்த நேரம் இருந்துட்டுப் போ தாயி" என்று அந்தத் தாய் சொல்லும் இடத்தில் என் கையைப் பிடித்தாள்.

"நம்ம புள்ள எழுதுனது" என்றேன்.

கடைசி அத்தியாயத்தில் மகள் வந்து சேர்வதற்குள் தாய் இறந்துவிடுகிறாள். அதை என்னால் வாசிக்க முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நானாக ஒரு முடிவைச் சொன்னேன். மகள் பஸ்ஸில் வருகிறாள், வத்தலக்குண்டு தாண்டிவிட்டாள் என்று.

கேரளத்துக் கதையில் வத்தலக்குண்டு எப்படி வரும் என்று உன் அம்மா கேட்கவில்லை. கோணிய வாயால், "எப்ப வாரா?" என்றாள்.

நாளைக்கு என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கமே பார்க்கிறாள். டாக்டர் சொன்னதை நான் எழுத மாட்டேன். என் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார். நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

உன் அப்பா