டாக்டர் போட்ட பைன்

மரக்காணம்,
12-6-1974

பக்தவச்சலம்,

என் அக்காவின் காலைத் தின்றது நீ சொன்ன ஒரு சொல். 'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன், பேனா நகரவில்லை. உன் அப்பா அம்மா சௌக்கியம். உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இனி எழுதுவது எங்கள் வீட்டுச் செய்தி.

மாசியில் மெட்ராஸ் டாக்டர்களோடு நீ உப்பளத்துக்கு முகாம் வந்தாய். அன்று வசந்தா அக்கா தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். "நம்ம பக்தாதான் டாக்டரு. என் தம்பிகூடப் படிச்சவன். என்னைப் பார்த்தா எழுந்து நிப்பான் பாரு" என்று முன்னால் பின்னால் நின்றவர்களிடம் எல்லாம் சொன்னாள். கிளிஞ்சல் கீறிய பாதத்தில் பழந்துணி கட்டியிருந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அந்தப் புண் ஆறவே இல்லை. நீ எழுந்து நிற்கவில்லை. துணியை அவிழ்க்கவும் இல்லை. நர்சைப் பார்த்து "ஃபைன்" என்றாய். அடுத்தவளைக் கூப்பிட்டாய்.

அளத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கணக்கப்பிள்ளை கலியபெருமாளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அது. நேரம் கழித்து வந்தால் பைன். வரப்பு உடைந்தால் பைன். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் பைன். அன்று அவன் உன் நாற்காலிக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா அவனையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நேராகப் போய்ப் பாத்தியில் இறங்கி உப்பு வார ஆரம்பித்தாள். "வேலைய வுட்டுட்டு வந்ததுக்கு பக்தாவே பைன் போட்டுட்டான்டா" என்றாள் என்னிடம்.

அதன் பிறகு எந்த டாக்டரிடமும் வர மறுத்தாள். கால் கறுத்து, நினைவு தப்பிய பிறகுதான் பாண்டிச்சேரிக்குத் தூக்கிப் போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் விளக்கிச் சொல்லாமல் இல்லை. "அக்கா, அவன் சொன்னது நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன். "நல்லா இருக்குதுன்னா காலு எங்கடா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்து அகராதியைப் போய்ப் புரட்டினேன். நலம் என்று போட்டிருக்கிறது. அபராதம் என்றும் போட்டிருக்கிறது. பொடியாக அரைத்ததும் ஃபைன்தானாம். நாங்கள் வாரும் கல்லுப்பு உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது அப்படி ஆகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல். அதற்கு முடிவு என்று பொருள். குறையில்லாமல் முடிந்தது நலம். வழக்கை முடிக்கக் கட்டுவது அபராதம். யாருடைய முடிவை யார் சொல்வது என்று மட்டும் அதில் இல்லை.

சித்திரையில் கால் போன செய்தியை மட்டும் உனக்கு எழுதினேன். கார்டு போட்டாய். தமிழில் ஒரு வரி வருத்தம். கடைசியில் இங்கிலீஷில், அக்கா இப்போது ஃபைன் என்று நம்புவதாக. அதை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

இப்போது வெட்டிய இடத்தில் சீழ் வைத்திருக்கிறது. காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். தூக்கப் போனால் கடிக்கிறாள், புண்ணுக்குப் போட்ட கட்டைப் பிய்த்து எறிகிறாள். "ஒரு காலக் குடுத்தாச்சு. இன்னும் பைன் கேட்டா எதைக் குடுக்கறது? போட்டவனே வந்து எடுக்கட்டும்" என்கிறாள்.

திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் பஸ் ஏறு. உன்னை ஒரு வார்த்தை திட்டமாட்டேன். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அபராதம் இல்லை அக்கா என்று தமிழில் சொல். அது போதும்.

ஆதிமூலம்


மரக்காணம்,
27-6-1974

பக்தவச்சலம்,

திண்டிவனம் பஸ் வரும்போதெல்லாம் ரோட்டில் போய் நிற்கிறேன். கலியபெருமாள்கூட, "யாருக்குடா காத்திருக்கற, கலெக்டருக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அக்காவுக்கு இன்று பேச்சு குழறுகிறது. நீ வருவாய் என்று நான் சொல்லியிருப்பதால், காலையில் சைகை காட்டித் தலை சீவிவிடச் சொன்னாள். சீவிவிட்டேன்.

உன் மகள் நடக்கப் பழகுகிறாள் என்று உன் அம்மா சொன்னார்கள். அவள் கால் நோகாமல் நடக்கட்டும்.

நீ வந்து அந்தச் சொல்லை எடு.

ஆதிமூலம்