பூமிக்கு மூன்று நாள்

தர்ஷினி அப்பாவுக்கு,

மோட்டார் ரூம் சாவி ஆணியில் தொங்குகிறது. சோறு ஆக்கவில்லை. திருக்கனூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நம் பின்கட்டில் குடியிருக்கும் அசாம்காரி ஜொனாலி ஏதோ சொன்னாள் என்று நேற்று உழவுக்கு வந்த டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

"அவங்க ஊர்ல இது அம்புபாசியாம், புவனா. பூமி தூரமாயிருக்குதாம். மூணு நாளு ஏர் படக் கூடாதாம். பாவம், ரெஸ்ட் எடுக்கட்டுமே."

எனக்கும் மாதாமாதம் தூரம் வருகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறேன். "இன்னாடி, இன்னும் சோறு ஆவலையா?" என்றுதான் கேட்பீர்கள். நான் சொல்லி நீங்கள் ஒரு வேலையையும் நிறுத்தியதில்லை. அவள் ஒருமுறை சொன்னதும் நிறுத்திவிட்டீர்கள்.

இன்று காலை எனக்கு வந்துவிட்டது. நானும் மூன்று நாள் படுத்திருக்கப் போகிறேன்.

புவனேஸ்வரி

பி.கு.: அவள் ஊரில் விதவைகள் இந்த நாட்களில் அடுப்பில் வைத்ததைத் தொட மாட்டார்களாம். ஜொனாலி பட்டினி கிடக்கிறாள். கூடையில் மாம்பழம் இருக்கிறது. அவள் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நின்று பேச வேண்டாம்.

நாலாம் நாள் உழவை முடித்துவிட்டு என்னை அழைக்க வராதீர்கள். முதலில் என்னிடம் வாருங்கள். வயலுக்குப் பிறகு போகலாம்.