ரோசலியின் கார் பற்றி நீ சொன்னது

என் தங்க மச்சான் அந்துவானுக்கு,

எல்லாம் நான் அப்போதே சொன்னதுதான். இந்தக் கோடைக்கு வந்த அந்தப் பெரிய படம் படுத்துவிடும் என்றேன், படுத்துவிட்டது. பழியைக் கொண்டுபோய்க் காரின் தலையில் போடுவார்கள் என்றேன், போட்டுவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் நம் புதுவை உப்பளத்துத் தெருக்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார். அப்படியெல்லாம் ஆரோக்கியம் சொல்லவில்லையே என்பார்கள். அது பொறாமை, விடு.

நம் பட்டறைக்காரர்கள் சங்கத்து மலரில் உன் நினைவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "மச்சானப் பத்தி அழகா நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார் செயலாளர். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? இல்லை, நான்தான் நாலு வரியில் நிறுத்துகிற ஆளா? உன் டிங்கர் பட்டறை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே கத்திரி வெயில். எழுதின வரியையே திரும்ப எழுதுகிறேன். வயசு என்று நினைத்துவிடாதே. உன் மகள் ரோசலி காலை பஸ்ஸில் சென்னைக்குப் போயிருக்கிறாள். தான் வரைந்த சின்னக் காரைக் கம்பெனிப் பெரியவர்கள் முன்னால் இன்றைக்கு வைக்கப்போகிறாள். போனை எதிரே மல்லாக்கப் போட்டுவைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அடிக்கவில்லை.

நீ போன பிறகு நடந்ததெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? சொல்கிறேன்.

போனதுக்கு முந்தின மழைக்காலத்தில் உன்னை அடக்கம் செய்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய பெண், துக்கத்தையெல்லாம் வேலையில் போட்டாள். அவள் இருக்கிற கார் வடிவமைப்புக் கம்பெனிக்குப் படத்துக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ஹீரோ ஓட்டுவதற்கு இதுவரை யாரும் பார்க்காத கார் ஒன்று வேண்டும் என்று கேட்டார்களாம். வரைந்தது உன் மகள். உருண்டை விளக்கு, மேலே குவிந்த கூரை, லேசாகச் சிரிக்கிற முகம்.

இப்போது வருகிற கார்களின் முகத்தை நீ பார்க்கவேண்டும், மச்சான். ஒன்றுவிடாமல் முறைக்கிறது. விளக்கைக் கத்தியால் கீறின மாதிரி ஒல்லியாக வைத்து, புருவத்தை இறக்கிவிட்டு, சண்டைக்கு வருகிறவன் மாதிரி பின்னாலேயே வருகிறது. ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்தால், நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்கே யோசனை வந்துவிடும். பின் கண்ணாடியைக் கொசுவலை ஜன்னல் அளவுக்குச் சின்னதாக்கி, பின்னால் இருப்பது தெரியவில்லை என்று அதற்கு ஒரு கேமரா வைத்து விற்கிறார்கள். உலகமே இப்படிப் போகும் என்று நான் எப்போதோ சொன்னேன்.

அந்தப் படமும் முறைக்கிற படம்தான். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே பேசுகிறார்கள். அதன் நடுவில் சிரிக்கிற கார் வந்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரியாதா? தியேட்டர் வண்டி ஸ்டாண்டை எத்தனை வருஷம் எடுத்து நடத்தினவன் நான். வசூலைப் போனில் பார்த்துத் தெரிந்துகொள்கிறவன் இல்லை. படம் விட்டு வருகிறவன் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்து வண்டிக்காரனோடு நின்று பேசினால் படம் ஓடும். டோக்கனைத் தேடும்போதே ஹெல்மெட்டை மாட்டினால் அடுத்த வெள்ளிக்கிழமை போஸ்டர் மாறும். விழுப்புரத்திலிருந்து விநியோகஸ்தர்கள் கார் அனுப்பி என்னைக் கூட்டிப்போய்க் கேட்பார்கள். சரி, கார் அனுப்பவில்லை. டீ வாங்கிக்கொடுத்துக் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட நான் முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? தியேட்டர் வாசலில் பிளெக்ஸ் வைத்தேன். எல்லாரும் ஹீரோவுக்கு வைத்தார்கள். நான் காருக்கு வைத்தேன். நடுவில் கார், வலப்பக்கம் ரோசலி, இடப்பக்கம் நீ. கழுத்தில் கர்ச்சீப் கட்டி, கையில் ஒடுக்கு எடுக்கிற கொட்டாப்புளி பிடித்து நிற்கிற உன் படம். கீழே பெரிய எழுத்தில், "காரைப் படைத்த எங்கள் புதுவை மகள்". அதோடு விட்டேனா? பிள்ளைச்சாவடியிலிருந்து மேளக்காரர்களைக் கூட்டிவந்து, கார் கட்அவுட்டுக்குப் பாலும் ஊற்றினேன்.

ரசிகர் மன்றத்துப் பையன் ஒருவன் ஓடிவந்தான்.

"பெருசு, என்னா பண்ற நீ? தலைவரு அங்க நிக்கறாரு, நீ பம்பருக்குப் பால் ஊத்திக்கினு கீற!"

"தலைவர சுமக்கறதே இந்தக் காருதாண்டா. காரு எங்க மச்சான் பொண்ணு வரைஞ்சது. ரோசலி. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டான் மச்சான். போனில் படம் பிடித்து, பேரோடு எழுதிக்கொண்டான்.

முதல் காட்சி விட்டது. வண்டி ஸ்டாண்டு பக்கம் போய் நின்றேன். ஒருத்தன்கூடப் பேசவில்லை. எல்லாரும் உள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி வந்தார்கள். மறுநாள் அந்தப் பையன் எடுத்த பிளெக்ஸ் படம் ஊரெல்லாம் சுற்றியது. "டாக்சி மாதிரி கீதே, தலைவர் மீட்டர் போட்டு வருவாரா?" என்று ஒருவன். "தலைவரு ஏறின உடனே தியேட்டரே சிரிக்குது, அந்தக் காரு மூஞ்சியப் பாத்து" என்று ஒருவன். கதை இல்லை, பாட்டு இல்லை, இரண்டாம் பாதியில் இருட்டைத் தவிர ஒன்றுமே இல்லை. ஆனால் படம் விழுந்ததற்குக் காரணம் ரோசலி! அவள் பேரே யாருக்கும் தெரியாமல் இருந்தது. தெரியவைத்தவன் யார் என்று உன் தங்கை தினமும் எனக்கு ஞாபகப்படுத்துகிறாள்.

"சும்மா இருந்த புள்ளய ஊருக்குக் காட்டிக் குடுத்துட்டு, மீசைய முறுக்கிக்கினு உக்காந்திருக்கீங்களே!" என்பாள் பிலோமின்.

"பெருமைக்குத்தாண்டி வெச்சேன்."

"யாரு பெருமைக்கு? பிளெக்சுல கீழ மூலையில, கூலிங் கிளாசோட நிக்கறது யாரு?"

அதை உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். என் படமும் இருந்தது. சின்னதாகத்தான்.

ரோசலி லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். அம்மா இல்லாத பிள்ளை, இப்போது நீயும் இல்லை. எங்கள் வீட்டைத் தவிர எங்கே வருவாள்? வந்தவள் சாப்பிடவே இல்லை. பாரீசிலிருந்து உன் அண்ணன் பேசினார். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்க்கு, சொல்தாவுக்கு, பிள்ளையாகப் பிறந்த திமிர் அவருக்கு இன்னும் குறையவில்லை. "பிரெஞ்சு குடியுரிமை இருக்கு, டிக்கெட் போடறேன், இங்க கடையில கல்லாவுல உக்காரட்டும். காரு வரையறதெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்றார். இவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முந்தாநாள் மத்தியானம் ஆளைக் காணோம். பிலோமின் கடற்கரைப் பக்கம் தேடு என்று கத்துகிறாள். என்னென்னவோ நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். எந்தத் தெருவில் திரும்பினேன் என்றே தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் இங்கே, உன் பட்டறையில், நீ பாதியில் விட்ட அந்தப் பழைய வெள்ளைக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நானும் மறுபக்கம் கதவைத் திறந்து ஏறினேன்.

"மாமா, திங்கக்கிழமைக்குள்ள மெயில் போட்டுடப் போறேன். சின்னக் கார நான் காட்டல, வேற யாராவது காட்டட்டும்."

"எந்தச் சின்னக் காரு? நம்ம மீன்காரம்மா கூடையோட ஏறலாம், வயசானவங்க குனியாம உக்காரலாம்னு சொன்னியே, அதா?"

"ம். அதுவும் உருண்டை லைட்டுதான். அதையும் பாத்துச் சிரிப்பாங்க." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அப்பா கதிர்காமம் ஆஸ்பத்திரில இருந்தப்ப, அதோட மொத படத்த உங்க போனுக்கு அனுப்பினேனே. அப்பா பாத்தாரா மாமா? உங்கள கேக்கவே பயமா இருந்துச்சு."

பம்பரைப் பற்றி நீ ஆயுசு முழுக்கப் புலம்பியது உனக்கு மறந்திருக்காது. இடிபடுவதற்கென்று வைத்த இடத்தில் எதற்கடா பளபளவென்று பெயின்ட், ஒரு கீறல் விழுந்தால் மொத்தமாகக் கழற்ற வேண்டியிருக்கிறதே என்பாய். அதனால்தான் உனக்குப் பிழைப்பு ஓடியது என்றாலும் புலம்புவாய். ரோசலி அவளுடைய சின்னக் காரில் பெயின்ட் இல்லாத கறுப்பு பம்பர்தான் வைத்திருக்கிறாள். அடி விழுந்தாலும் தெரியாத சொரசொரப்பு பம்பர்.

"பாத்தாரே!" என்றேன் நான். "கண்ணாடிய மாட்டிக்கினு நல்லாப் பாத்தாரு. பம்பரைப் பாத்ததும் சொன்னாரு, 'ஆரோக்கியம், இந்தக் காரு ரோட்டுக்கு வந்தா என் பட்டறைய மூட வேண்டியதுதான். அதனால இது நல்ல காரு'ன்னு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா அப்படியே சொன்னாரா?"

"எழுத்துக்கு எழுத்து."

சிரித்தாள் மச்சான். சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தத் தகரக் கதவே அதிர்கிற மாதிரி அழுதாள். பிறகு இறங்கிப்போய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் போறேன் மாமா. அங்க மொதல்ல அப்பா சொன்னதத்தான் சொல்லப்போறேன். ஒரு டிங்கர் சொன்னாருன்னு ஆரம்பிக்கப்போறேன்" என்றாள். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். உன் தங்கை என்னை முதல்முறையாக மனுஷனாகப் பார்த்தாள்.

இந்நேரம் சொல்லிக்கொண்டிருப்பாள். கண்ணாடி போட்ட குளிர் அறை. கோட்டு போட்ட பெரியவர்கள். அவர்களில் ஒருவன், உங்கள் அப்பா எப்போது சொன்னார், எங்கே சொன்னார் என்று கேட்டால்? கேட்கமாட்டான் இல்லையா? கேட்டாலும் அவள் தடுமாறமாட்டாள், அவள் நம்பித்தான் சொல்கிறாள். அதுதான் மச்சான் என்னைத் தின்கிறது. அவர்கள் வேண்டாம் என்றால், அப்பா சொன்னதே தப்பாகிவிட்டது என்று நினைத்துவிடுவாளோ? சரி என்றால், இனி ஆயுசுக்கும் எல்லா மேடையிலும் இதையே சொல்லுவாளே? எதற்குப் பயப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் பயப்படுகிறேன்.

நீ அதைச் சொல்லவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

படத்தை நான் காட்டினேன், அது சத்தியம். மூக்கில் குழாய், கண்ணாடி எங்கேயோ கிடந்தது. போனை உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். நீ ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலை எடுத்து அந்தக் காரின் மேல் மெதுவாகத் தடவினாய். பட்டி போட்டு உப்புத்தாள் தேய்த்த பிறகு மேடு பள்ளம் இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவுவாயே, அந்த மாதிரி. விரல் பட்டதும் படம் நகர்ந்து அடுத்த படம் வந்துவிட்டது. அது, மீசைக்கு மை அடித்துக் கூலிங் கிளாசோடு நான் நிற்கிற படம். நீ சிரித்தாய். காருக்குச் சிரித்தாயா, எனக்குச் சிரித்தாயா? கேட்பதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

பம்பர் வார்த்தை முழுக்க நான் கட்டினது. நீ சொல்லியிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பாய் என்று கட்டினேன்.

இந்த மலர் அச்சாகி அவள் கைக்குப் போவதற்கு முன்னால், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே போய் நிற்பேன். என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுவேன். நீ தடவினாய், சிரித்தாய் என்று மட்டும் சொல்வேன். எதற்குச் சிரித்தாய் என்பது எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லமாட்டேன் மச்சான், சத்தியமாக இந்த ஒன்றில் மட்டும் கூட்டமாட்டேன்.

உன் தங்கை பிலோமினின் வீட்டுக்காரன்,
உன் ரோசலிக்கு மாமா,
ஆரோக்கியம்