குளியலறைச் சுவரில் ஒரு மந்திரி

உன்னை மாட்டிவிட்டது நம் ஏழு பேர் குரூப்பில் இருந்த ஒருவன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எடிசன் நகரத்தில் நாம் சேர்ந்து தங்கியிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். குளியலறைச் சுவரில் நீ ஒட்டிய படம் ஈரத்தில் ஓரம் சுருண்டிருக்கிறது. அந்தக் காலத்து லண்டனில் அச்சடித்து விற்ற கேலிப்படத்தின் நகல். மந்திரி கால்சட்டையை இறக்கிவிட்டு நிற்கிறார். அவர் பிட்டத்தை முத்தமிடக் கனவான்கள் வரிசை கட்டியிருக்கிறார்கள். கடைசி ஆள் மூக்கைப் பிடித்திருக்கிறான், ஆனாலும் வரிசையை விடவில்லை. "இவன்தான்டா நம்மாளு" என்பாய்.

சனிக்கிழமைகளில் லேப்டாப்பில் இன்னும் பல காட்டுவாய். ராஜாவின் முகத்துக்கு நேராகக் குசு விடும் குடிமகன், ஜனங்களின் தலைமேல் மலம் கழிக்கும் அமைச்சன். நான் முகம் சுளித்தால் சொல்வாய்: "ராஜாவுக்கும் வயிறு கலக்கும்னு தெரிஞ்சுட்டா அப்புறம் எவன்டா பயப்படுவான்?"

ஊரிலிருந்து ஒரு தலைவர் வந்தபோது இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் பொன்னாடையோடு வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். அன்று மாலையே நீ அந்த வரிசையை வரைந்தாய். மந்திரி இடத்தில் அந்தத் தலைவர். முதலில் குனிந்திருந்தது நம் சங்கத்தின் பிரசிடெண்ட் அங்கிள். கீழே உன் முழுப் பெயர். குரூப்பில் மட்டும்தான் போட்டாய்.

"பேரையாவது எடுத்துருடா."

"பேர் போடலன்னா அது மொட்டைக் கடுதாசிடா."

மறுநாளே அங்கிள் கூப்பிட்டார். நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"ஹியூமர் ஓகே தம்பி. அசிங்கம் வேணாம். ஃபேமிலிஸ் இருக்காங்க இல்ல?"

"வரைஞ்சது அசிங்கமா அங்கிள், வரிசைல நின்னது அசிங்கமா?"

அவர் சிரித்தார். "விசா ஸ்டாம்பிங்குக்கு எப்ப இந்தியா போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

போனாய். சென்னையில் விசாவுக்குக் காத்திருந்தபோது உன் கம்பெனிக்குப் பெயரில்லாத மெயில் ஒன்று போனது. உன் படம், 'ஆபாசம்' என்று ஒரு வரி. வேலை போனது, அதோடு விசாவும். ஏழாவது மாதம், ஓஎம்ஆரில் உன் பைக்கை லாரி அடித்தது. விபத்து என்கிறார்கள். நீ அந்தச் சாலையில் இருந்திருக்க வேண்டியவனே இல்லை.

இப்போது குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்தும் டேகேர் விசாரிப்பும்தான். யாராவது ஜோக் சொன்னால், சிரிப்பதற்கு முன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். பொன்னாடையைப் பிடித்திருந்த கை இன்னும் என்னுடையதுதான். அதை எங்கும் கழற்றிவைக்க முடியவில்லை.

போன வாரம் பக்கத்து ஊர் ஐசலினில், மளிகைக்கடை வாசலில், அங்கிள் என் தோளில் கை போட்டார். "உங்க கிரீன் கார்ட் எந்த ஸ்டேஜ்ல இருக்கு தம்பி?" மிக அன்பாகத்தான் கேட்டார்.

இன்று காலை குரூப்பில் எழுதினேன்: "அவன் படத்தை வெளிய அனுப்பினது யாரு? சொல்லுங்கடா."

ஐந்து பேரும் படித்துவிட்டார்கள்.