வேறு மாத்திரை: இல்லை

இன்று காலை லேப்பில் ஒரு அம்மாள் கைப்பையைத் திறந்ததும் மீன் எண்ணெய் வாடை அடித்தது. டப்பாவுக்குள் ஒரு மாத்திரை உடைந்து ஒழுகியிருந்தது. காரைக்குடியில் பதினெட்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன், எத்தனையோ வாடை பழகிவிட்டது. இது மட்டும் உன்னைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்துவிடுகிறது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் உன் மேல் வந்தது, பிறகு அது போக வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பள்ளத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாய். பத்துப் பேர் டோக்கனோடு காத்திருக்க, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் நேரே என்னிடம் வந்து கையை நீட்டுவாய். மகள் பிறந்ததிலிருந்தே உனக்குத் தைராய்டு சரியாகச் சுரக்காது. தினமும் காலையில் ஒரு மாத்திரை. அதன் அளவு சரிதானா என்று பார்க்கத்தான் அந்த ரத்தம். எடுத்து முடித்ததும் எதிர்க் கடையில் இரண்டு டீ, அரை மணி நேரம் ஊர்க்கதை.

மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்த பிறகுதான் அந்த செல்போன் குழுவில் போய் விழுந்தாய். ஹார்மோனைச் சமப்படுத்துகிறேன் என்று ஒருத்தி தினமும் பேசினாள். முதல் மாதம் எண்ணெயே ஆகாது என்றாள். நீ மீனை ஆவியில் அவித்து வைத்தாய். அடுத்த மாதம் எண்ணெய்தான் மருந்து என்றாள். வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தாய். அப்புறம் ஆளி விதை, மீன் எண்ணெய் மாத்திரை. உடம்பு சில ஹார்மோன்களைக் கொழுப்பிலிருந்துதான் செய்துகொள்கிறது, அது நிஜம். அந்த ஒரு நிஜத்தை வைத்துக்கொண்டு அவள் ஊரையே ஏய்த்தாள். இதை உன்னிடம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நான் கேலி செய்தேன்.

உனக்கு முடி கொட்டியதுதான் பெரிய கவலையாக இருந்தது. ஒருநாள் டீக்கடையில் அதைச் சொன்னபோது, "முக்காட்டுக்குள்ள கெடக்குற முடிக்கு எதுக்குடி இம்புட்டுப் பாடு?" என்றேன். நீயும் சிரித்தாய். நிக்காஹ் அன்று பெண்கள் பக்கம் முக்காட்டை எடுக்க வேண்டியிருக்குமே என்று மெதுவாகச் சொன்னாய். நான் அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தேன். அதன்பின் முடியைப் பற்றி நீ என்னிடம் வாயே திறக்கவில்லை. உன் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி குத்துவதற்கு முன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீக?" படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. உன்னிடம் மட்டும் கேட்டதில்லை. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? மீன் எண்ணெயை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உன் படிவத்தை நானே நிரப்பிவிடுவேன்.

முடிப் பேச்சு நின்ற பிறகு எடுத்த ரத்தத்தில் தைராய்டு கூடுதலாக இருப்பதாக வந்தது. டாக்டர் உன் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த தடவையும் அப்படியே வர, நிறுத்திவிட்டார். நீ முகம் வீங்கி வந்தாய். சித்திரை வெயிலில் குளிர்கிறது என்றாய். குரல் தடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் தொண்டையில் உறைந்துவிட்டது என்று அதற்கும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "எனக்கு என்னமோ சரியில்லடி. நல்லாப் பாத்தியா?" என்று கேட்டாய்.

"மிஷின் பொய் சொல்லாது" என்றேன்.

ஆடியில் சளிக்காய்ச்சல் வந்து படுத்தாய். மாத்திரை இல்லாமல் தைராய்டு வற்றிக் கிடந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் நாலு நாள் கண் திறக்கவில்லை. இவர் வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்று அங்கே கேட்டார்கள். உன் மகள் பள்ளத்தூருக்கு ஓடிப்போய், பீரோவில் மடித்த புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். முடிக்காக உன் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பியது. பயோட்டின். உடம்புக்கு வேண்டிய சத்துதான். ஆனால் அவ்வளவு அதிகமாகச் சாப்பிட்டால் எங்கள் மிஷினின் கணக்கைக் குழப்பிவிடும். குறைந்து கிடக்கும் தைராய்டைக் கூடுதல் என்று காட்டும். இது எனக்குப் புதிதில்லை. ரத்தம் எடுப்பதற்கு முன் அதை நிறுத்த வேண்டும் என்று லேப் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்தான்.

தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. அடக்கம் முடிந்த மறுநாள் உன் மகள் என்னிடம் சொன்னாள்: "ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாக, சின்னம்மா. நீங்க சிரிப்பீகளாம்."

நீயாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். இத்தனை வருஷப் பழக்கத்தில் என் சிரிப்புக்கா அவ்வளவு பயம் உனக்கு? இதைக் கேட்டு உன்னோடு சண்டை போட வேண்டும், அதற்கும் நீ இல்லை.

இன்று வந்த அம்மாளிடம் மூன்று தடவை கேட்டேன். முடிக்கு ஏதாவது? நகத்துக்கு? வெளிநாட்டிலிருந்து வந்தது? எரிச்சலோடு, "ஒரு தடவை சொன்னாப் பத்தாதா?" என்றார். பிறகு பைக்குள் துழாவி இன்னொரு டப்பாவை எடுத்து, கூச்சத்தோடு மேஜையில் வைத்தார். நான் சிரிக்கவில்லை. அதை நிறுத்திவிட்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன்.

உன் கடைசிப் படிவம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. 'வேறு மாத்திரை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து. அதை எழுதும்போது நீ எதிரே கையை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாய்.